ஆள் இல்லை என்பதற்கு சென்சார் கிடையாது

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், "ஏசி லைன்ல இருக்கேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுப் பொய் இல்லை. பெரிய கட்டடங்களில் ஏசி, விளக்கு, காற்றோட்டம், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டை பிஎம்எஸ் என்பார்கள். அதைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, கட்டடத்துக்காரர் கையில் ஒப்படைப்பது எங்கள் தொழில். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கட்டடங்கள், ஹோட்டல்கள், கல்லூரிகள் என்று பல வருஷம் இதிலேயே ஓடிவிட்டது.

இத்தனை பெரிய ஏற்பாட்டில் எங்களைப் படுத்தியெடுப்பது மொட்டைமாடிக் கூலிங் டவரோ, பேஸ்மென்ட் சில்லரோ அல்ல. ஒரே ஒரு கேள்விதான்: இந்த அறையில் ஆள் இருக்கா, இல்லையா? ரவுண்ட்ஸ் வரும் செக்யூரிட்டி அண்ணன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார். லட்சக்கணக்கில் செலவழித்த எங்கள் சிஸ்டம் தடுமாறும்.

டியூப் லைட் காலத்தில் இந்தக் கேள்வி விளக்கோடு நின்றது. சோக்கையும் சேர்த்தால் ஒரு நாலடி டியூப் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். பத்து டியூப் உள்ள அறைக்கு அரை கிலோவாட். இன்று ஒவ்வொன்றின் இடத்திலும் 20 வாட் எல்இடி வந்துவிட்டது; அறை முழுக்க 200 வாட்தான். ஆனால் அதே அறையின் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் எடுக்கிறது. ஆளில்லாத அறையில் லைட் எரிவதைக் கண்டால் வயிறெரிகிற நிர்வாகிகள் பலர், மூடிய கதவுக்குப் பின்னால் வெறும் நாற்காலிகளுக்காக ஓடும் ஏசியைக் கண்டுகொள்வதில்லை. அது கண்ணுக்குத் தெரியாதே!

அதனால் எங்கள் வேலையின் கனம் விளக்கிலிருந்து காற்றுக்கு நகர்ந்துவிட்டது. விளக்கில் தப்பு நடந்தால் உடனே தெரியும். கையை ஆட்டினால் சரியாகும். ஏசியில் தப்பு நடந்தால் வியர்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதற்குள் கம்ப்ளெயின்ட் மெயில் மேலிடத்துக்குப் போயிருக்கும்.

சூடு நகர வேண்டும்

எல்லாரும் பார்த்திருக்கும் சென்சார் பிஐஆர். ஆபீஸ் கூரையில் பால்வெள்ளைக் குமிழாகத் துருத்திக்கொண்டிருக்கும். கழற்றினால் உள்ளே சட்டைப் பொத்தான் அகலத்தில் ஓர் உலோகக் குப்பி. அதன் தலையில் சின்ன சதுர ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால், வெப்பம் மாறினால் மின்னேற்றம் காட்டும் படிகத் துண்டுகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுவதும் சூடேறினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், கணக்கு நேராகிவிடும், வெளியே எதுவும் வராது. ஓர் ஆள் குறுக்கே நடந்தால் அவர் உடம்புச் சூடு முதலில் ஒரு துண்டின் மேல் விழும், அடுத்து மற்றதன் மேல். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். அந்த அசைவைத்தான் அது 'ஆள்' என்று அறிவிக்கிறது. மேலே உள்ள குமிழ் அழகுக்கு வைத்ததல்ல. பல குட்டி லென்ஸ்கள் சேர்ந்தது அது. அறையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வெப்பத்தையும் படிகத்தின் மேல் கொண்டுவந்து சேர்க்கும்.

புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது: "தம்பி, இது ஆளைப் பார்க்கிற சாமான் இல்லப்பா. சூடு நகர்றதைப் பார்க்கிற சாமான்."

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் புரிந்துவிடும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவரை அது தாமதமாகத்தான் பார்க்கும். குறுக்கே போகிறவரைச் சட்டென்று பிடிக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் ஆடினாலும் அதற்குத் தெரியாது. மனித உடம்பு விடும் அகச்சிவப்பு அலை பத்து மைக்ரான் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதை உள்ளே விடாது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் சென்சாரை வைத்தால், ஆளே இல்லாத அறையில் ஆள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நம் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. அதற்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பிஐஆர் படிக்கிறது. குளிர்நாட்டு அறையில் சுவர் 20 டிகிரி என்றால் ஆள் பளிச்சென்று தெரிவார். மே மாதம், ஏசி இல்லாத மாடிப்படியிலும் கார் பார்க்கிங்கிலும் சுவரும் மனிதனும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கிறார்கள். ஜனவரியில் ஒழுங்காக வேலை செய்த சென்சார் அக்னி நட்சத்திரத்தில் அருகே வந்தால்தான் விழிக்கும். "சென்சார் போயிடுச்சு, மாத்துங்க சார்" என்று போன் வரும். மாற்றினால் புதியதும் அப்படித்தான் இருக்கும். அந்த இடங்களில் சென்சார்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே வழி.

அசையாதவர்கள்

பிஐஆரின் பெரிய குறை, அசையாதவரை அது மறந்துவிடும். இதை எனக்கு விளக்கமாகப் புரியவைத்தது ஒரு கல்லூரித் தேர்வுக் கூடம். நூற்றுக்கும் மேல் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் மேடை ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சென்சார் கூரையில் உயரத்தில் இருந்தது. பேனா பிடித்த கை நகர்வது அத்தனை உயரத்திலிருந்து ஒரு பொருட்டே இல்லை. விளக்குகள் வரிசையாக அணைந்தன. ஒரு 'ஹோ' சத்தம், எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், விளக்குகள் வந்துவிட்டன. மறுபடி குனிந்தார்கள். அன்று முழுக்க மேற்பார்வையாளர் எழுந்து நடந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

நூலகம், தியான அறை, படம் போட்டுக் காட்டும் பயிற்சி அறை, கோடு எழுதும் பையன்களின் கேபின் எல்லாம் இதே சாதி. எவர் ஆழ்ந்து வேலை செய்கிறாரோ அவர்தான் சென்சாருக்கு இல்லாதவர். வெட்டியாக உலாத்துகிறவருக்குத்தான் குளிர்ச்சியும் வெளிச்சமும்.

கழிவறை வேறு வகை. கதவருகில் வைத்த சென்சார் உள்ளே வருபவரைப் பார்க்கும்; தடுப்புக்குப் பின்னால் போனதும் தொலைத்துவிடும். ஒரு கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் அக்கா என்னைத் தேடி வந்து, "சார், உள்ள இருந்த மேடம் இருட்டுல கத்துறாங்க. நான் ஓடிப்போய் கதவுகிட்ட கையை ஆட்டிட்டு வரேன். இது என் வேலையா சார்?" என்று கேட்டார். அவர் வேலை இல்லைதான். இங்கே சத்த அலை சென்சார் கை கொடுக்கும். நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தைப் படிப்பது அது. சுவரிலும் தடுப்பிலும் பட்டுத் தெறித்து மூலை முடுக்கெல்லாம் போய்வரும். அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு: எக்ஸாஸ்ட் காற்றில் ஆடும் டிஷ்யூ பேப்பரும் அதற்கு ஆள்தான். அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். எரியவைக்க பிஐஆர், சத்த அலை இரண்டும் 'ஆமாம்' சொல்ல வேண்டும். தொடர்ந்து எரிய ஏதாவது ஒன்று சொன்னால் போதும். எளிமையான இந்த விதியில் தொழிலின் பாதி சாரம் இருக்கிறது.

சென்சார் கம்பெனிகள் தரும் படத்தில் கூரையிலிருந்து பெரிய வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டம் நடக்கிறவருக்கு. உட்கார்ந்து கீபோர்டு தட்டுகிறவருக்கு அதற்குள் இன்னொரு சின்ன வட்டம் உண்டு. விலைப்புள்ளி கொடுக்கும்போது அது யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவின் நீமா அமைப்பு வகுத்த டபிள்யூடி 7 என்ற சோதனை முறை இரண்டையும் தனித்தனியாகவே அளக்கச் சொல்கிறது. பெரிய அசைவுக்கு ஆளை நடக்கவிட்டும், சின்ன அசைவுக்கு ஓர் இயந்திரக் கையை ஆட்டியும் பார்க்கிறார்கள். நாங்கள் சைட்டில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, மவுஸை மட்டும் நகர்த்தி, சென்சாரின் சிவப்புப் புள்ளி சிமிட்டுகிறதா என்று பார்ப்போம். சிமிட்டாத நாற்காலிகளை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிடுவோம். இந்த வேலைக்கு ஒரு நாள் கூடுதலாகக் கேட்டால் புராஜெக்ட் மேனேஜர் முகம் சுருங்கும். கேட்காவிட்டால் வருஷம் முழுக்க போன் வரும்.

மூச்சை எண்ணுவது

அசையாதவரும் மூச்சு விடுவாரே, அதை அளந்தால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். கார்பன் டை ஆக்சைடு சென்சார் இதற்காகவே இருக்கிறது. வெளிக்காற்றில் இன்று சுமார் 420 பிபிஎம். ஆள் சேர்ந்த அறையில் அது ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் உள்ள மீட்டிங் ரூமில் 56 கன மீட்டர் காற்று. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். வெளிக்காற்றே வராவிட்டால்கூட அறையின் அளவு மணிக்கு 320 பிபிஎம்தான் உயரும், நிமிடத்துக்கு ஐந்து. சென்சாரின் துல்லியமோ கூடக்குறைய 50 பிபிஎம். ஒருவர் வந்து உட்கார்ந்ததை அது உறுதியாகச் சொல்ல பத்து நிமிடம் ஆகும். ஆறு பேர் வந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர்கள் விட்ட மூச்சு அறையில் வெகுநேரம் தங்கியிருக்கும். சென்சார் அவர்களை இன்னும் உட்காரவைத்திருக்கும்.

ஆகவே விளக்குக்கும் ஏசி ஸ்விட்சுக்கும் இது உதவாது. 'இருக்கிறாரா' என்பதைவிட 'எத்தனை பேர்' என்பதற்குத்தான் இது சரி. கல்யாண மண்டபம், கருத்தரங்கக் கூடம் போன்ற இடங்களில் வெளிக்காற்று டாம்பரை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்க இதைவிட நல்ல சாமான் இல்லை. சென்னையில் வெளிக்காற்று என்றால் சூடு மட்டுமல்ல, புழுக்கமும். உள்ளே விடும் ஒவ்வொரு கன அடிக்கும் சில்லர் உழைக்க வேண்டும். முந்நூறு பேர் மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும்போது டாம்பரை முழுக்கத் திறந்துவைப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

இதில் வெளியே பேசப்படாத ஒரு கோளாறு உண்டு. பல சென்சார்கள் தம்மைத்தாமே திருத்திக்கொள்கின்றன. சில நாளில் ஒருமுறையாவது கட்டடம் காலியாகி, காற்று வெளிக்காற்றுக்குச் சமமாகும் என்ற நம்பிக்கையில், அந்த நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்துக்கொள்ளும். வார விடுமுறை உள்ள பள்ளிக்கு இது பொருந்தும். மூன்று ஷிப்ட் ஓடும் கால் சென்டர் தளத்தில் அறை காலியாவதே இல்லை. 600 பிபிஎம்மை 400 என்று நம்பிய சென்சார் 1,200-ஐ 1,000 என்று காட்டும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், உள்ளே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அப்படிப்பட்ட தளங்களில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, குறித்த காலத்தில் கையால் சரிபார்ப்பதே முறை.

ரேடாரின் அதிகப்பிரசங்கம்

இப்போது எல்லாரும் ரேடார் கேட்கிறார்கள். 24 கிகாஹெர்ட்ஸ், 60 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு ரகம். 24-இன் அலைநீளம் 12.5 மில்லிமீட்டர், 60-இன் அலைநீளம் 5. மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறதே, அந்த அசைவே இந்த அலைக்குப் போதும். தூங்குகிறவரையும் பிடித்துவிடும். தேர்வுக் கூடப் பிரச்சினை தீர்ந்தது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

பிறகுதான் அதன் சுபாவம் தெரிந்தது. கண்ணாடியோ ஜிப்சம் போர்டோ அதற்குத் தடையே இல்லை. ஓர் அலுவலகத்தில் இயக்குநரின் கேபின் எந்நேரமும் 'ஆள் இருக்கிறார்' என்றே காட்டியது. அவர் வெளியூர் போயிருந்த வாரத்திலும் ஏசி ஓடியது. காரணம் சுவருக்கு அந்தப் பக்கம்: காபி மெஷின். அதன் முன்னால் நின்று கதை பேசுகிறவர்கள் அத்தனை பேரும் இயக்குநராகக் கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். மலிவாகக் கிடைக்கும் எல்டி2410 போன்ற மாட்யூல்கள் தூரத்தை 75 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத் தருகின்றன. அறையின் ஆழத்துக்கு அப்பால் உள்ள கட்டங்களை மூடி, மாட்யூலைச் சுவரிலிருந்து திருப்பி வைத்தால் அடங்கும்.

சீலிங் ஃபேன் இதைவிடப் பெரிய எதிரி. மேலைநாட்டு ஆபீஸில் சோதித்து அனுப்பிய சாமானுக்கு ஃபேன் என்றால் என்னவென்றே தெரியாது. நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் மூன்று இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபேன் இருக்கும் கட்டத்தை மூடினால் அதே தூரத்தில் உட்கார்ந்தவரும் மறைந்துபோவார். ஃபேனுக்குக் கீழே, சுவரில், நாற்காலிகளைப் பார்த்து வைப்பதுதான் நாங்கள் கண்ட வழி. பிஐஆர் 'இருக்கிறார்' என்று சொல்லத் தயங்கும். ரேடார் சொல்லாமல் இருக்கத் தயங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டும்போதுதான் ஒரு விஷயம் உறைக்கும். எந்தச் சென்சாரும் 'ஆள் இல்லை' என்று அளப்பதில்லை. சூடு நகர்ந்தது, காற்று மாறியது, நெஞ்சு அசைந்தது என்று 'உண்டு' என்பதற்கான தடயத்தை மட்டுமே கொண்டுவருகின்றன. தடயம் வராமல் இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, ஆகவே இல்லை என்று முடிவு கட்டுவது நாம். அந்த 'இவ்வளவு நேரம்' எவ்வளவு என்பதே எங்கள் தொழில்.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஈசிபிசி விதித்தொகுப்பு, ஆள் சென்சார் கட்டாயமான இடங்களில் எல்லாரும் வெளியேறிய 15 நிமிடத்துக்குள் விளக்கு அணைய வேண்டும் என்கிறது. விளக்குக்கு அது நியாயமான எல்லை. ஏசியை அப்படிப் பட்டென்று வெட்ட மாட்டோம். முதலில் 24-இலிருந்து 27-க்கு ஏற்றிவிடுவோம். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லையென்றால் அணைப்போம். முடிவு தப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் உணர்வதற்குள் திரும்பிவிடலாம்.

ஒற்றைக் கதவின் தர்மம்

'இல்லை' என்று துணிந்து சொல்லக்கூடிய ஓர் இடம் உண்டு: ஹோட்டல் அறை. பழைய முறை, கதவருகே கார்டு சொருகும் பெட்டி. அதில் சாவிக் கார்டுக்குப் பதில் விசிட்டிங் கார்டைச் சொருகிவிட்டு வெளியே போவது எல்லா விருந்தினருக்கும் தெரிந்த வித்தை. அதனால் கதவில் ஒரு காந்தச் சென்சாரும் உள்ளே ஒரு பிஐஆரும் வைப்போம். இதன் தர்க்கத்தை வெளிநாட்டு இணைய ஆர்வலர்கள் 'பெட்டிக்குள் குளவி' என்பார்கள். மூடிய பெட்டிக்குள் குளவி ஒருமுறை ரீங்கரித்துவிட்டால், மூடியைத் திறக்கும் வரை அது உள்ளேதான் இருக்க வேண்டும், சத்தமே வராவிட்டாலும். அறைக்கும் அதேதான். கதவு மூடிய பிறகு ஒரே ஓர் அசைவு தெரிந்தாலும், மறுபடி கதவு திறக்கும்வரை ஆள் உள்ளே. விருந்தினர் எட்டு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாலும் ஏசி நிற்காது. கதவு திறந்து மூடி, அதன்பிறகு குறித்த நேரத்துக்கு அசைவே இல்லையென்றால் அறை காலி.

இதற்கும் ஓட்டை உண்டு. பால்கனிக் கதவு இன்னொரு வாசல். அதிலும் காந்தம் வைக்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும். இன்னொன்று: விடியற்காலையில் கணவர் வாக்கிங் போகக் கதவைத் திறந்து மூடுகிறார், மனைவி ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறார். அசைவு இல்லை, ஆகவே ஆள் இல்லை, ஏசி கட். அந்த அம்மாவின் புகார் ரிசப்ஷன் வழியாக எங்களிடம் வந்து சேரும். இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதும், அணைக்காமல் டிகிரியை மட்டும் ஏற்றுவதும் இதற்கான மருந்து.

தொண்ணூற்றைந்து சதவீதம் என்பார்கள்

இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்காக வருவார்கள். "சார், மெஷின் லேர்னிங்ல 95 பர்சன்ட் வருது." பெரும்பாலும் அவர்கள் எடுப்பது பெல்ஜியத்தின் மோன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தரவு. கேண்டனேடோவும் ஃபெல்ட்ஹைமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஓர் அலுவலக அறையின் வெளிச்சம், வெப்பம், ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைப் பதிவு செய்து, புகைப்படங்களைப் பார்த்து உண்மை நிலையைக் குறித்தார்கள். நல்ல வேலை, எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் நான் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: எந்த அளவீடு அதிகம் உதவியது? வெளிச்சம். ஏன்? ஆள் வந்தால் லைட் போடுகிறார், போகும்போது அணைக்கிறார். சரி, லைட்டைப் போடுவதும் அணைப்பதும் நம் சிஸ்டத்தின் வேலை என்று ஆன பிறகு, லைட் எரிகிறதா என்று பார்த்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பாய்? இரண்டாவது: அந்தத் தரவில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் அறை காலியாகவே இருந்திருக்கிறது. எப்போது கேட்டாலும் 'ஆள் இல்லை' என்று சொல்லும் ஒரு கல்லும் அதில் 75 மதிப்பெண் வாங்கிவிடும். மீதி 25-இல்தான் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் மாடல் தப்பு செய்யும் ஐந்து சதவீதம் எந்தப் பக்கம் விழுகிறது? இதற்குப் பதில் சொல்லும் பையனை நான் வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.

சென்சாரை ஏமாற்றுவதும் ஒரு கலை

மனிதர்கள் பதிலடி கொடுக்கத் தவறுவதில்லை. ஓர் ஆபீஸில் இரவு ஷிப்டில் தனியாக இருப்பவர் மேஜைக்கு மேல் மட்டும் விளக்கு அணைவதே இல்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏசி கிரில்லில் ஓர் அங்குல அகலத்தில் நீளமாக ஜிகினாத் தாள், ஆயுத பூஜைத் தோரணத்தில் மிச்சம். ஒரு முனை செலோடேப்பால் ஒட்டியிருந்தது. மறுமுனை குளிர்காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் சென்சார். குளிர்ந்த தாள் சூடான விளக்கின் முன்னால் வந்து போக, பிஐஆருக்கு நிரந்தரமாக ஓர் ஆள். விசாரித்தபோது அந்தத் தம்பி தயங்காமல் சொன்னார்: "இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கி ஆட்டணும் சார். எனக்கே கேவலமா இருந்துச்சு." நான் தாளைக் கிழிக்கவில்லை. அந்த மேஜைக்குத் தனி ஸ்விட்ச் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தாள் அதன்பிறகு தானாகக் காணாமல் போனது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாலை எட்டு மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் மாப் போட வருவார்கள். அவர்கள் கடந்துபோகும் ஒவ்வொரு மீட்டிங் ரூமிலும் ஏசி கிளம்பும். அவர்கள் அடுத்த தளத்துக்குப் போன பிறகும் ஓடும். அதனால் ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு, அசைவு சில நிமிடம் தொடர்ந்தால் மட்டுமே ஏசி கிளம்பும்படி வைக்கிறோம். விளக்கு உடனே வரும். மாப் போடுகிறவருக்கு வெளிச்சம் உண்டு, குளிர்ச்சி இல்லை என்பது எனக்கு உறுத்தும் கணக்குதான். பல கட்டடங்களில் இப்படித்தான் ஓடுகிறது.

கேமரா வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்பவர்கள் உண்டு. தீரும், வேறொன்று தொடங்கும். 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராப் நாளிதழ், ஊழியர்களின் மேஜைக்கு அடியில் ஆள் இருப்பதைக் காட்டும் சென்சார்களைப் பொருத்தியது. மின்சாரச் சிக்கனத்துக்கு என்று சொன்னார்கள். பத்திரிகையாளர் சங்கம் எதிர்த்தது, அன்றே கழற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் அவை கேமராகூட இல்லை, சூட்டையும் அசைவையும் பார்க்கும் சாதாரணப் பெட்டிகள். 'இந்த அறையில் ஆள் உண்டா' என்ற கேள்வி, 'இன்னார் சீட்டில் இருந்தாரா' என்று மாற ஒரு ரிப்போர்ட் பட்டன் போதும். என்னிடமும் அந்த ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். அறைவாரியாகத் தருவேன், மேஜைவாரியாகத் தர மாட்டேன் என்பது என் வழக்கம். எட்டுக்கு எட்டு கட்டத்தில் வெப்பத்தை மட்டும் காட்டும் கிரிட்-ஐ போன்ற சென்சார்கள் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது.

இதையெல்லாம் வைத்து, கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் நிர்வகிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது சில விஷயங்கள்தான். எந்தச் சென்சார் நல்லது என்று முதலில் கேட்காதீர்கள். ஆள் இருக்கும்போது இல்லையென்று முடிவு கட்டினால் இந்த அறையில் என்ன ஆகும், ஆள் இல்லாதபோது இருப்பதாக நினைத்தால் என்ன செலவு என்று அறைக்கு அறை எழுதிப் பாருங்கள். ஸ்டோர் ரூமுக்கு ஒரு பதில் வரும், பிரசவ வார்டுக்கு வேறு பதில் வரும். 'ஆமாம்' என்பதை உடனே நம்புங்கள். 'இல்லை' என்பதை மெதுவாக நம்புங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சோதிக்க எங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். எவ்வளவு புத்திசாலிக் கட்டடமாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் கை எட்டும் உயரத்தில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வையுங்கள். அந்த அறையில் ஆள் இருப்பது அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.